மாப்பிள்ளை அழைப்பு வண்டிக்கு எந்த கார்புரேட்டர்?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், முன்னால் பேண்டு செட், பின்னால் சொந்தக்காரர் கூட்டம், நடுவில் மாப்பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு எங்கள் செவர்லே நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை. கருப்பாகப் புகை கக்கி, இரண்டு முறை குலுங்கி, தெரு முழுக்கப் பெட்ரோல் வாடை வீச வைத்துவிட்டு நின்றது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, "பரவால்லண்ணே, நடந்தே வரேன்" என்றார். அவருடைய மாமன்மார் விடவில்லை. நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டப வாசல் வரை தள்ளினார்கள். பேண்டு மாஸ்டர் தள்ளுகிற வேகத்துக்குத் தாளத்தை மாற்றிக்கொண்டார். அதைப் பார்த்து ஊரே சிரித்தது.

மறுநாள் தண்டையார்பேட்டை ஷெட்டில் சித்தப்பா சொன்னது ஒரே வரி: "புது கார்புரேட்டர் பாத்து போட்டுடு தம்பி." சொல்வது சுலபம். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்புரேட்டர்; துளை என்பது அதில் காற்று இறங்கும் வழி. எழுபது வயதைத் தாண்டிய ஆறு சிலிண்டர் வண்டிக்குப் "புது கார்புரேட்டர்" என்றால் என்ன? பழையதையே பிரித்துச் சரிசெய்வதா, அதே காலத்து வேறு கம்பெனிப் பொருளா, இத்தாலிக்காரன் வடிவமைத்த இரட்டைத் துளையா, ஜீப்பிலிருந்து கழற்றிய சோலெக்ஸா, பெட்டியில் பளபளவென்று வரும் சீன நகலா? இரண்டு மாதம் இதிலேயே போனது. இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி 1951 செவர்லே. செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் ஆலை போட்டு, 1954 வரை இங்கேயே வண்டி பூட்டிக்கொண்டிருந்த காலத்து ஆள். உள்ளே இருப்பது 216 கன அங்குல இன்ஜின், நம் கணக்கில் மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆறும் ஒரே வரிசை, வால்வெல்லாம் தலைக்கு மேலே, 92 குதிரைச் சக்தி. மின்சாரம் 6 வோல்ட். செவர்லே 12 வோல்ட்டுக்கு மாறியது 1955இல்தான். இந்த 6 வோல்ட் விஷயம் பின்னால் வரும், ஞாபகம் இருக்கட்டும்.

எங்கள் வண்டி நெடுஞ்சாலையில் ஓடுவதில்லை. அதன் தொழில் மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து மண்டபம் வரை, ஆள் நடக்கிற வேகத்தில், முதல் கியரில், முக்கால் மணி நேரம். நடுவில் பேண்டுக்காரர்கள் ஆடுவதற்காகப் பத்து தடவை நிற்கும். எதிர்க்காற்றே கிடையாது. பானெட்டுக்குள் அடுப்பு மாதிரி சூடு. அதனால் எனக்கு வேண்டியது பிக்கப்பும் வேகமும் இல்லை. ஸ்லோவில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோதும், இன்ஜின் ஆடாமல் ஓட வேண்டும், சூட்டில் பெட்ரோல் கொதித்து வழியக் கூடாது, கெட்டால் நம் பேட்டையிலேயே சரிசெய்ய முடிய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் அமெரிக்கக் குளிருக்கும் அகலமான சாலைக்கும் எழுதியவை. அவர்களுக்குச் சரியாக இருக்கும் பதில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மே மாதம் காத்து நிற்கிறவனுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதலில் ஒன்று. கார்புரேட்டர்தான் குற்றவாளியா என்று பார்க்காமல் காசைக் கொட்டாதீர்கள். ராயபுரத்தில் எங்கள் பாய் இருக்கிறார், அறுபது வருஷமாகக் கார்புரேட்டர் பிரிக்கிற கை. அவர் வண்டியைப் பார்த்ததும் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. கீழே குனிந்து, புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பான எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்கிற எடைக்கட்டியை ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. "பாத்தியா, இங்கதான் கீது வியாதி" என்றார்.

அந்த வண்டியில் உள்ளே போகும் மேனிஃபோல்டும் வெளியே போகும் மேனிஃபோல்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு வால்வு. இன்ஜின் குளிராக இருக்கும்போது அது எக்சாஸ்ட் சூட்டைக் கார்புரேட்டருக்கு நேர் கீழே திருப்பிவிடும். சூடேறியதும் ஒரு சுருள் தகடு தளர்ந்து, வால்வு திரும்பி, சூட்டை வெளியே அனுப்பிவிடும். துருப்பிடித்து "சூடு" பக்கமே மாட்டிக்கொண்டால் அந்த முக்கால் மணி நேரமும் கார்புரேட்டரை அடியிலிருந்து வேகவைத்துக்கொண்டே இருக்கும். எங்கள் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. பாய் சுத்தியால் தட்டி, மண்ணெண்ணெய் விட்டு, திருப்பி, "சூடு இல்லை" நிலையில் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். சென்னையில் அந்தச் சூடு தேவையே இல்லை. காலையில் முதல் இரண்டு நிமிஷம் கொஞ்சம் இருமும், அவ்வளவுதான். இதோடு இக்னிஷன் பாயின்ட் இடைவெளி, மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் காற்று இழுக்கிறதா, பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே கதை முடிந்துவிடும்.

எங்களுக்கு முடியவில்லை. புகை குறைந்தது, போகவில்லை.

அடுத்து அளவு. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், "பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்று. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 3.55 லிட்டர், அதிகபட்சம் நிமிஷத்துக்கு 3400 சுற்று, நிரம்புவது முக்கால் பங்கு என்று வைத்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 4500 லிட்டர். கார்புரேட்டர்காரர்கள் பேசும் கன அடிக் கணக்கில் 160. அவ்வளவுதான் இந்த இன்ஜினின் முழுப் பசி. அதுவும் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தால். 216 இன்ஜினில் கனெக்டிங் ராடுகளுக்கு முழு அழுத்த ஆயிலும் கிடையாது. கரண்டி மாதிரி ஒன்று ஆயிலை அள்ளி அடிக்கும் பழைய ஏற்பாடு, ஈய பேரிங். அதை விரட்டவே கூடாது. அப்புறம் பெரிய கார்புரேட்டர் எதற்கு? துளை பெரிதானால் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாகத் தூளாகாது, ஸ்லோவில் தடுமாறும். எனக்கு வேண்டாத வியாதியே அதுதான்.

கன அடி எண்ணைப் பார்த்து வாங்கும்போது இன்னொரு சூட்சுமம். ஒற்றை, இரட்டைத் துளை கார்புரேட்டர்களை 3 அங்குல பாதரச அழுத்தத்தில் அளப்பார்கள், நாலு துளையை 1.5இல். அதனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. இரட்டைத் துளை எண்ணை 1.41ஆல் வகுத்தால்தான் நாலு துளைக் கணக்குக்கு வரும்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

வண்டியில் இருந்தது ராச்செஸ்டர் பி. ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தப் பிரிவு செய்தது. 1950 வாக்கிலிருந்து செவர்லே ஆறு சிலிண்டரில் நிறைய வந்தது. அமைப்பு புத்திசாலித்தனமானது. மிதவை, ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையுள்ள திருகு), எல்லாமே மேல்மூடியில் தொங்கும், மூடியைத் தூக்கினால் முழுக் குடலும் கையில் வந்துவிடும். கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பெட்ரோல் தொட்டி நடுத் துளையைச் சுற்றியே இருப்பதால் மேட்டிலும் திருப்பத்திலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்காது. ஆனால் மூடியை இறுக்கும் திருகுகள் எல்லாம் ஓரத்தில் மட்டும். உலோகம் துத்தநாகக் கலவை. சூட்டிலும், "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்று இறுக்கிய தலைமுறை தலைமுறையான கைகளாலும், மூடி வளைந்துவிடும். நடுவில் காற்று இழுக்கும். இதில் பவர் பிஸ்டன் என்று ஒன்று உண்டு. மேனிஃபோல்டின் உறிஞ்சும் விசை அதை மேலே பிடித்திருக்கும், மிதித்தால் விசை குறைந்து பிஸ்டன் இறங்கி அதிகப் பெட்ரோல் கொடுக்கும். மூடி வளைந்தால் அந்த உறிஞ்சுபாதையில் கசிவு, பிஸ்டன் எப்போதுமே இறங்கியபடி கிடக்கும். மெதுவாகப் போகும்போதும் மிதித்த மாதிரியே பெட்ரோல் ஊற்றும். எம்.சி. ரோட்டுக் கருப்புப் புகைக்கு மிச்சக் காரணம் இதுதான்.

பாய் மூடியைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைச் செருகினார். தடித்த தகடே உள்ளே போனது. "சட்டி வளஞ்சிக்கீது தம்பி." பிறகு கண்ணாடியில் எமரி பேப்பரை ஒட்டி, எட்டு போடுகிற மாதிரி சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார். இப்படிச் சமன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும், உள்ளே இருக்கும் பாதைகளின் வாய் மெலியும். இது முன்பே இரண்டு தடவை தேய்த்த மூடி. இன்னொரு சூடு வந்தால் மறுபடி வளையும் என்றார். மிதமாக வளைந்த மூடியாக இருந்தால் ராச்செஸ்டரையே ஒரு ரிப்பேர் கிட் போட்டு வைத்துக்கொள்வது மலிவான வழி. திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி, கை அழுத்தத்துக்கு மட்டும் இறுக்கினால் வருஷக்கணக்கில் ஓடும். எங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

அடுத்தது கார்ட்டர் டபிள்யூ-1. செவர்லே 1932இலிருந்தே போட்டுவந்த வகை. ராச்செஸ்டர் வருவதற்கு முன் இதே ஆறு சிலிண்டருக்கு இதுதான் அண்ணன். இதில் பவர் பிஸ்டன் சிக்கல் இல்லை. ஜெட்டுக்குள் ஒரு மெல்லிய பித்தளைக் கம்பி தொங்கும், நுனி படிப்படியாக மெலிந்திருக்கும். ஆக்சிலரேட்டரோடு இணைந்து கம்பி ஏறும், இறங்கும். ஏறினால் மெலிந்த பகுதி வரும், இடைவெளி கூடும், பெட்ரோல் கூடும். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம். தொட்டி ஒரு பக்கமாகத் தள்ளி இருப்பதால் சூடும் சற்றுக் குறைவாக ஏறும். நடக்கிற வேகத்தில் ஓடும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

குறைகளும் இருக்கின்றன. கம்பி எழுபது வருஷம் ஏறி இறங்கி உரசியதில் ஜெட் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். கம்பியின் உயரத்தைச் சரியாக வைக்க அதற்கென்று ஒரு அளவுக் கம்பி வேண்டும். கிட்டோடு வந்த தாளில் இருந்த அளவைப் பார்த்து, தண்டையார்பேட்டை லேத் பட்டறை ஒன்றில் பித்தளையில் கடைந்து வாங்கினேன். அரை மணி வேலை, டீயோடு சேர்த்து.

இன்னொன்று, ஆக்சிலரேட்டர் பம்ப்பின் வாஷர். மிதித்தவுடன் ஒரு சொட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சி அடிப்பது அதுதான். பழைய டபிள்யூ-1இல் அது தோல். ரப்பர் கப் போட்ட கிட்டும் கிடைக்கிறது. இன்றைய பெட்ரோலில் தரமில்லாத ரப்பர் ஊதி, உருளைக்குள் சிக்கிக்கொள்ளும். தோல் ஊதாது. ஆனால் காய்ந்தால் சுருங்கும். இதில்தான் வடசென்னைக்காரனுக்கு ஒரு சவுகரியம்: பெரியமேட்டில் தோல் மண்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றரை மில்லிமீட்டர் பசுத்தோல் துண்டு ஒன்றை வாங்கிவந்து, வட்டமாக வெட்டி, ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைத்து, பாய் ஒரு பழைய சாக்கெட்டில் அழுத்திக் கிண்ணம் மாதிரி வளைத்தார். உருளைக்குள் விட்டு விரலால் மேலே இழுத்தால் "ப்ளக்" என்று சத்தம் வர வேண்டும். வந்தது. அமெரிக்காவிலிருந்து கூரியரில் வரவேண்டிய பாகம், டிராம் ஷெட்டும் ஹார்பரும் பார்த்த ஒரு கிழவரின் கையில் அரை நாளில் தயார்.

டபிள்யூ-1 வாங்கும்போது நான் ஒரு முறை அடி வாங்கினேன். "ரீபில்ட்" என்று எழுதி, தங்க நிற முலாம் பூசி, படம் எடுத்து விற்ற ஒருவரிடம் வாங்கினேன். வந்ததும் கையில் எடுத்து, த்ராட்டில் ஷாஃப்டை (காற்றைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு) மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று ஆடுகிறது. அந்த இடைவெளியில் காற்று இழுத்தால் ஸ்லோ எந்தக் காலத்திலும் நிற்காது. ஸ்குரூவை எத்தனை திருகினாலும் வீண். முலாம் பூசுவது ரீபில்ட் இல்லை. துளையைப் பெரிதாக்கி வெண்கலப் புஷ் போட்டு, ஷாஃப்டைப் பொருத்துவதுதான் ரீபில்ட். விற்றவரிடம் கேட்டால் பதில் இல்லை. திருப்பி அனுப்பும் செலவு வாங்கிய விலைக்குப் பக்கத்தில் வந்தது. அதே லேத் பட்டறையில் புஷ் போட்டுக்கொண்டேன். பழைய கார்புரேட்டர் எதை வாங்கினாலும் நேரில் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். நேரில் முடியாதென்றால், ஆட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கார்ட்டர் ஒய்எஃப், டபிள்யூ-1க்குப் பிறகு வந்த தம்பி. பம்ப் பிஸ்டனுக்குப் பதில் ஜவ்வு. அருமையான பொருள்தான், ஆனால் ஒய்எஃப் என்பது ஒரு கார்புரேட்டரின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். அமெரிக்காவில் 2.2 லிட்டர் ஜீப்புக்கும் ஒய்எஃப், பெரிய ஆறு சிலிண்டருக்கும் ஒய்எஃப். உள்ளே வென்சுரி (காற்றுத் துளையின் குறுகிய இடுப்பு) வேறு, ஜெட் வேறு. பெயரைப் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள், தகட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இப்போது சந்தையில் வரும் சீன நகல்கள் பலவும் இந்தப் பெயரில்தான். நான் கையில் எடுத்துப் பார்த்த ஒன்றில் ஜெட்டில் எண்ணே இல்லை. எண் இல்லாத ஜெட்டை வைத்துக்கொண்டு டியூனிங் செய்வது, அளவு போடாத படியில் அரிசி அளக்கிற வேலை. அதோடு அதை விட்டுவிட்டேன்.

ராச்செஸ்டர் மோனோஜெட் 1968இலிருந்து வந்த செவர்லே ஆறு சிலிண்டருக்கானது. அடித்தட்டும் லிங்கேஜும் நம் வண்டிக்குப் பொருந்தாது. இன்ஜினையே மாற்றியவர்கள் பார்க்கலாம்.

இனி வெபர், முன்னால் சொன்ன இத்தாலிக்காரன் வடிவமைத்தது. என் தம்பி முறை ஒருவன், சித்தப்பா மகன், பைக் பைத்தியம். அவன் ஒரே பிடி: "அண்ணே, வெபர் 32/36 போடு, கண்ண மூடிட்டு போடு." அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரண்டு துளை, 32 மில்லிமீட்டரும் 36ம். உள்ளே வென்சுரி 26ம் 27ம். மெதுவாகப் போகும்போது முதல் துளை மட்டும் திறக்கும், அதனால் காற்று வேகமாக ஓடும், மிதித்தால்தான் இரண்டாவது சேரும். ஜெட் எண் நேரடியாக மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு: 140 என்றால் 1.40 மில்லிமீட்டர். எந்த எண் வேண்டுமானாலும் புதிதாகக் கிடைக்கும். உடல் அலுமினியம், எழுபது வருஷத் தேய்மானம் இல்லாத புது ஷாஃப்ட். வாரம் நானூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவனாக இருந்தால் நான் இதைத்தான் போட்டிருப்பேன்.

எங்கள் வண்டிக்கு ஏன் வேண்டாம் என்றேன்? ஒரு அடாப்டர் தட்டு வேண்டும். அது கார்புரேட்டரைத் தூக்கும், மேலே இருக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனர் பானெட்டில் இடிக்கும், அதையும் மாற்ற வேண்டும். பானெட்டைத் திறந்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டும் அழகு போய்விடும். இதை அற்பக் காரணம் என்று தம்பி சொல்கிறான், சொல்லட்டும். அடுத்து, எலெக்ட்ரிக் சோக் உள்ள வகை 12 வோல்ட், எங்கள் வண்டி 6. கையால் இழுக்கும் சோக் வகை கிடைக்கும், தேடி வாங்க வேண்டும். வெபருக்குப் பெட்ரோல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுக்குப் பக்கம் போதும். அதற்கு மேல் போனால், தொட்டிக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் நீடிலைத் தள்ளிக்கொண்டு வழியும், அதனால் ரெகுலேட்டரும் சேரும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மேனிஃபோல்டின் நீளம். ஆறு சிலிண்டருக்கு நடுவில் ஒரே ஒரு கார்புரேட்டர். முதல் சிலிண்டரும் ஆறாவதும் தொலைவில் இருக்கின்றன. ஒற்றைத் துளை நட்டநடுவில் உட்காரும். வெபரில் முதல் துளை நடுவிலிருந்து தள்ளித்தான் இருக்கும். முதல் துளை மட்டும் திறந்து மணிக்கணக்கில் ஊர்ந்தால் கலவை ஒரு பக்கம் சாயும். அடாப்டரை எந்தத் திசையில் திருப்பி வைத்தார்கள் என்பதைப் பொறுத்து, பிளக்கைக் கழற்றினால் முன் மூன்றும் ஒரு நிறம், பின் மூன்றும் ஒரு நிறம். ஓடும் வண்டியில் இது அவ்வளவு தெரியாது. எங்கள் வண்டி ஓடும் வண்டியா?

ஜீப் சோலெக்ஸைப் பற்றி இரண்டு வரி போதும். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும், ஓர் அடாப்டர் கடைந்தால் உட்காரும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் 2.2 லிட்டர் நாலு சிலிண்டருக்கு அளந்த மூக்கால் மூன்றரை லிட்டர் மூச்சு விட வேண்டும். தெருவில் ஊரும், பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏறும்போது மூச்சு முட்டும். அவசரத்துக்கு மாட்டலாம், கல்யாண சீசன் நடுவில் ஒரு முறை நாங்களே மாட்டினோம், வெட்கமில்லை.

பெட்ரோல் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமையாகாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது பொது. 2022இல் நாடு 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது, 2025இல் 20. இந்த இன்ஜினை வரைந்தவர்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். இருபது சதவீதம் கலந்தால் கணக்கு 13.5க்கு வரும். அதாவது அதே காற்றுக்கு லிட்டர் கணக்கில் ஏழெட்டு சதவீதம் அதிகப் பெட்ரோல் போக வேண்டும். பழைய ஜெட்டை அப்படியே விட்டால் கலவை மெலிந்து, இன்ஜின் சூடாகும், ஸ்லோவில் தட்டும்.

ராச்செஸ்டர் ஜெட்டில் இருக்கும் எண் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எங்களுடையதில் 57. ஏழெட்டு சதவீதப் பரப்பு கூட வேண்டுமென்றால் விட்டம் நாலு சதவீதத்துக்குள் கூடினால் போதும், அதாவது 59. ஒன்றரை மில்லிமீட்டர் டிரில் பிட் சரியாக 59தான். கையால் பிடித்துத் திருகும் சின்ன பிட்டால், மெஷினில் மாட்டாமல், நிதானமாக. டபிள்யூ-1இல் ஜெட்டைத் தொடக் கூடாது. கம்பிதான் அளவு வைக்கிறது, அதனால் உபரியாக ஒரு கம்பி வாங்கி, அதை இரண்டாயிரம் நம்பர் எமரியால் நாலு இழுப்பு தேய்த்து, ஓட்டி, பிளக் நிறம் பார்த்து, மறுபடி நாலு இழுப்பு. அசல் கம்பி டப்பாவில் பத்திரமாக இருக்கட்டும்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். காசிமேட்டுக் காற்று வீசும் ஷெட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, வண்டி மாசக்கணக்கில் நிற்கும். அந்த நேரத்தில் தொட்டியில் தேங்கிய பெட்ரோல், துத்தநாக உடலில் வெள்ளைப் பொடியை உண்டாக்கிவிடும், ஸ்லோ ஜெட்டின் மெல்லிய துளைதான் முதலில் அடைபடும். ஆடி பிறக்கும் முன் பெட்ரோலை அடைத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டித் தொட்டியைக் காலி செய்துவிடுகிறேன். தோல் வாஷர் காயாமல் இருக்க, பம்ப் உருளையில் இரண்டு சொட்டு எண்ணெய். நீடில் வைட்டான் என்ற செயற்கை ரப்பர் முனையுள்ளதாக இருக்கட்டும், ரப்பர் ஹோஸ் எத்தனால் தாங்குவதாக இருக்கட்டும், கார்க் கேஸ்கட் வேண்டவே வேண்டாம்.

சூட்டுக்கு நாங்கள் செய்த இன்னொன்று, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில், சூட்டை எளிதில் கடத்தாத ஹைலம் ஷீட். பாரிமுனையில் வாங்கிய 6 மில்லிமீட்டர் பலகையை அடித்தட்டு வடிவத்துக்கு வெட்டி, இரண்டு அடுக்கு. ஸ்டட் நீளம் போதவில்லை, மாற்ற வேண்டியிருந்தது. ஆக்சிலரேட்டர் ராடையும் அரை இஞ்ச் நீட்ட வேண்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு தகரத் தட்டு, எக்சாஸ்ட் சூடு நேராக அடிக்காமல். வெபர் போட்டிருந்தாலும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

ஆக, மாட்டியது டபிள்யூ-1. விலைக் கணக்கில் பார்த்தால் ராச்செஸ்டர் கிட்தான் மலிவு, வெபர்தான் மேல், டபிள்யூ-1 நடுவில், ஆனால் புஷ், லேத், தோல், கூரியர், சுங்கம் எல்லாம் சேர்த்தால் வெபருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கிட்டின் விலையைவிட அதைக் கொண்டுவரும் செலவு அதிகம் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். நேரக் கணக்கு இன்னும் மோசம். வெபரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டியிருக்கலாம், எங்களுக்கு ஆறு ஞாயிறு ஆனது.

முதல் சோதனை ஓட்டத்துக்குப் பாய் ஏறி உட்கார்ந்தார். திருவொற்றியூர் ஹைரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, முதல் கியரில், வேண்டுமென்றே ஊர்ந்தோம். முக்கால் மணி நேரம். பாதியில் அவர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, தொட்டியின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை வால்வ் கவர் மேல் நிறுத்திவைக்கப் பார்த்தார். அது நிற்கவில்லை, விழுந்தது. "அதெல்லாம் சினிமால தான் நிக்கும்" என்று சொல்லிப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார்.

ராச்செஸ்டரைத் தூக்கிப் போடவில்லை. வளையாத மூடி ஒன்று எங்காவது கிடைத்தால் அதுதான் உபரி. வெட்டியதில் மிச்சமான பெரியமேட்டுத் தோல் இன்னும் எட்டு வாஷருக்கு வரும், ஒரு பழைய டிபன் பாக்ஸில் எண்ணெய்த் துணியில் சுற்றி டிக்கியில் கிடக்கிறது. ஆவணியில் பதினொரு முகூர்த்தம் பதிவாகியிருக்கிறது.